அவித்த மண்ணில் குரக்கன்

தலைநகரின் கடலோரம், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் குசினியில் கொஞ்சக் காலம் சோற்றுக்கு முன்னால் மண்தான் அவிந்தது. மண்ணை அரித்து, துணியில் கட்டி, பிரஷர் குக்கருக்குள் வைத்து விசிலுக்கு மேல் விசிலாக விடுவேன். புழுதியும் பழைய கிழங்கும் கலந்த மாதிரி ஒரு மணம் படிக்கட்டு வரைக்கும் போகும். கீழ்வீட்டு அன்ரி ஒருநாள் ஏறி வந்து, என்ன கறி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

போர்க்காலம். பல்கலைக்கழகம் அடிக்கடி மூடிக் கிடந்தது. அதை நம்பியிருந்தால் ஆராய்ச்சிப் பட்டம் வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்று, பால்மா டின்களில் குரக்கன் என்கிற கேழ்வரகை விதைத்து எங்கள் பல்கனியிலேயே அடுக்கிவிட்டேன். பொறுமை எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவுதான்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா இறந்தபின் யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தவரை, கண் ஒப்பரேஷனைச் சாட்டாக வைத்துக் கப்பலில் கூப்பிட்டிருந்தேன். கண் சுகமாகிவிட்டது. சண்டை நடக்கிற ஊருக்கு அவரைத் திருப்பி அனுப்ப எனக்குப் பயம். அவருக்கோ இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்கக் கந்தோரில் வேலைபார்த்த மனிதருக்கு, மகளின் உதவித்தொகையில் சாப்பிடுவது தொண்டையில் சிக்கியது. இரண்டாந்தரம் சோறு போடப் போனால், சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் கையை விரித்துவிடுவார்.

"சும்மா இருந்து தின்னுறதுக்கே நான் இஞ்ச வந்தனான்? அடுத்த கப்பலிலை போறன், பிள்ளை" என்பார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது காரணம் சொல்லி மறிப்பேன்.

அப்படி மறிக்கத்தான் டின்களுக்குத் தண்ணீர் விடும் வேலையை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வரிசை. இரண்டிலும் கிருமி ஒன்றும் மிஞ்சாமல் அவித்த மண். சுவர்ப்பக்க வரிசைக்கு மட்டும், குரக்கன் வேரிலிருந்து எடுத்து நான் வளர்த்த பக்டீரியாவை விட்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கடல்பக்க வரிசைக்கு ஒன்றுமில்லை. கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் படக்கூடாது.

"அந்தக் கிருமியள் என்ன செய்யுதுகள்?" என்று அப்பா கேட்டார்.

பயிர் தான் சமைத்த சீனியில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் கசியவிடும், அதைத் தின்னப் பக்டீரியா வந்து வேரைச் சுற்றிக் குடியிருக்கும் என்று சொன்னேன்.

"வாடகை குடுக்காத ஆக்கள்" என்றார் அப்பா.

"அவை இருந்தால்தான் வேர் நல்லாய்ப் பிடிக்கும், அப்பா. பக்கத்திலை இருக்கிறதே வேலைதான்."

அவர் பூவாளியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

சுவர்ப்பக்கப் பயிர் கொழுகொழுவென்று வந்தது. கடல்பக்கம் மஞ்சளித்து, நூலாய் நின்றது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு என்ன மாயமோ, நோஞ்சான் வரிசையும் பச்சை பிடிக்கத் தொடங்கியது. மண்டையைப் போட்டு உடைத்தேன். ஒருநாள் மத்தியானம் நேரத்தோடு வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அரிசி கழுவின தண்ணீரைச் சட்டியோடு கொண்டுபோய், அப்பா கடல்பக்க டின்களுக்கு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாவம், பிள்ளை. அதுகள் மெலிஞ்சுபோய் நிக்குதுகள். ஒரு பக்கத்தை மட்டும் பாக்கிறது என்ன ஞாயம்?"

அரிசித் தண்ணீரில் இல்லாத கிருமியா? மாதக்கணக்கில் பட்ட பாடு அத்தனையும் அந்தச் சட்டியோடு போயிற்று. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்தக் கோபத்தில் பிழை இருந்ததாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அப்பா உள்ளே போய் உடுப்புகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

நான் பல்கனிக்குப் போனேன். கணக்குக் கெட்டுப்போன பயிர்களைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினேன். அப்பா பையோடு பல்கனி வாசலுக்கு வந்து நின்றார். கடல்பக்கப் பயிரின் வேர் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். மெல்லிய வேர்மயிர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. அலசியும் விடவில்லை.

"பாருங்கோ. நீங்கள் ஊத்தின தண்ணியிலை வந்த கிருமியள். ஒருத்தரும் கூப்பிடேல்லை. வேர் அதுகளையும் சேர்த்துக்கொண்டுட்டுது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து உற்றுப் பார்த்தார்.

"எல்லாத்தையும் முதலிலை இருந்து செய்யவேணும். நீங்கள் போனால் பகலிலை ஆர் தண்ணி விடுறது?" என்றேன்.

"மெய்யாத்தான் ஆள் வேணுமோ? இல்லாட்டி என்னை மறிக்கிறதுக்காகச் சொல்லுறியோ?"

"ரெண்டுந்தான்."

பையைச் சுவரோரம் வைத்தார். ஆனால் உடுப்புகளை வெளியே எடுக்கவில்லை. நான் திரும்பவும் மண் அவித்தேன், திரும்பவும் விதைத்தேன். கடல்பக்கம் திரும்பவும் மஞ்சளித்தது. அப்பா கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் விட்டார், அந்த வரிசைக்கு விடும்போது மட்டும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் சொன்ன கப்பல் வந்து போயிற்று. பை சுவரோரமே இருந்தது. வீடு கூட்டும்போது நான் அதை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டினேன்.

பயிர்களைப் பிடுங்கி அளந்து முடித்த அன்று, இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். வழமைபோலக் கோப்பைக்கு மேல் கையை விரிப்பார் என்று நான் சோற்றுப்பானையை ஏற்கெனவே மூடிவிட்டேன்.

அப்பா கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு, பிள்ளை" என்றார்.