முதுகுப் பக்கத்து இரைச்சல்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கலாம். இது எனக்கு நடந்தது. இரவில்கூட இல்லை, பட்டப்பகலில்.

கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலை. அதன் இரைச்சல் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக் கமலாட்சி அம்மா முறையிட்டிருந்தார். ஒலி அளப்பது என் வேலை. உதவிக்குக் கோகுலனைக் கூட்டிப் போனேன்.

அம்மாவின் மகன் வாசல் படலையிலேயே மறித்தான். "ஆலை நிண்டாலும் கேக்குதாம். அவாவுக்கு விசர். சத்தம் இல்லையெண்டு எழுதித் தாங்கோ, நாளைக்கே ஆசுப்பத்திரியில விட்டிடுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாயைப் பற்றிப் பேசும் பேச்சா இது?

அம்மா என்னருகில் வந்தார். "எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகுக்குப் பின்னாலதான் இரையுது, தம்பி."

ஆலையை நிறுத்த வைத்தோம். மதியம் 12.40. காற்றுக்கூட இல்லை.

எங்கள் கருவியில் இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். எதில் முதலில் சத்தம் படுகிறது என்பதை வைத்துத் திசையைக் காட்டும். என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கருவியில் ஒரு தாழ்ந்த இரைச்சல்... எனக்குப் பின்னாலிருந்து.

திரும்பி நின்றேன். இனி முன்னாலிருந்து வரவேண்டும். வரவில்லை. மீண்டும் பின்னாலிருந்தே வந்தது.

மைக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். தாழ்ந்த சத்தத்துக்கு மைக்குகள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் திசை பிழைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடும் சின்னக் கட்டையைக் கழற்றி, நீளமானதைப் போட்டேன். இனிப் பிழைக்காது.

திரும்பினேன். பின்னால்.

மறுபடி திரும்பினேன். பின்னால்...

கருவியைக் கோகுலனிடம் கொடுத்தேன். அவன் அதை என் பக்கம் நீட்டினான். முகம் வெளிறிப் போனது.

"அண்ணை... உங்களிட்ட இருந்துதான் வருது."

ம்ம்ம்ம்ம்...

அப்போதுதான் எனக்கும் கேட்டது.

சத்தம் உண்டென்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவை மகன் எங்கும் கொண்டுபோகவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் அழுதார். "நீங்கள் வந்த அண்டையில இருந்து எனக்குக் கேக்கேல்லை. உங்களுக்குக் கேக்குதே, தம்பி? முந்தி இது மீன் கொண்டு வாற மத்தேயுவுக்குத்தான் கேட்டது. என்னட்டைச் சொல்லி அழுதவர். அண்டைக்கே அவருக்கு நிண்டிட்டுது. எனக்குத் தொடங்கினது. மகனுக்கும் சொன்னனான், அவன் நம்பேல்லை. நீங்கள்தான் நம்பினனீங்கள்."

"ஏனப்பா அடிக்கடி பின்னால பாக்கிறியள்?" என்று மனைவி வினோஜா கேட்கிறாள். அவள் வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. அவளிடம் வாய் திறக்கவே மாட்டேன்.

இப்படி எழுதினால், வாசிப்பவர்களில் அது யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது...