புலி நக்கிய உள்ளங்கை

மலைக்கு என்னோடு நடந்த அண்ணன்மாரே, அக்காமாரே,

போன தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலைச் சத்திரத்தில் நான் எழுந்து நின்று ஓர் அனுபவம் சொன்னேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டீர்கள். புதிதாக வந்திருந்த ஓர் அக்கா என் காலைத் தொடவே குனிந்துவிட்டார். அன்று நான் சொன்னது பொய்யல்ல, ஆனால் தப்பு. என் கண் போய்க்கொண்டிருந்தது. அதைக் கடவுளின் காட்சி என்று சொல்லிவிட்டேன். இதைத் திருத்தாமல் விட்டால் மலைச்சாமி மாதப்பன் மன்னித்தாலும் என் வீட்டுக்காரி மன்னிக்கமாட்டாள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் மாதேசன். ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. பிழைப்பு மைசூரில், வீடுகளுக்கு டைல்ஸ் போடும் வேலை. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து பல வருஷம் ஆகிறது. இந்தக் கூட்டத்தில் எல்லோரையும் போல நானும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலைக்கு வந்தவன். மற்றவர்கள் பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுவார்கள். நான் சரசுவைப் பார்த்தது மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்து பெஞ்சில். அவளுக்கும் அது இருந்தது. அவளுக்கும் ஒரு பழைய வாழ்க்கை இருந்து முடிந்திருந்தது. தனியாக இருந்த காலத்தில் நானும் சாமியாராக இருக்கவில்லை. வைகாசியில் மலையில் வைத்துத் தாலி கட்டினேன். இரண்டு பேருக்கும்தான் இருக்கிறதே, இனிமேல் எதற்கு ஆணுறை என்று விட்டுவிட்டோம். நம்மில் பல ஜோடிகள் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதுகிலும் நெஞ்சிலும் செம்புள்ளிகள் கிளம்பின. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட இருந்தன. அரிப்பு இல்லை, வலி இல்லை. சரசு என் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உடனே தன் செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

“ஏனுங்க, தாயி வந்திருக்குறாங்க. சத்தம் போடாம படுங்க.”

அம்மை நோய் என்று நாம் சொல்வதில்லையே. மாரித்தாய் விருந்துக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை கட்டினாள். எனக்குப் படுக்கையும் வேப்பிலைதான். தாளிக்கக்கூடாது, மோரும் கஞ்சியும் மட்டும். நான் வழக்கமான மாத்திரைக்குக் கை நீட்டியபோது டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டாள்.

“தாயி இருக்கறப்ப மருந்து சாப்பிட்டா கோவிச்சுக்குவாங்க. தண்ணி ஊத்தினப்புறம் சாப்பிட்டுக்கலாமுங்.”

அந்த மாத மாத்திரையை வாங்க அவள் மட்டும் போனாள். நான் ஏன் வரவில்லை என்று கவுன்சிலர் மேடம் கேட்டதற்கு, வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தாள். தாய் வந்திருப்பதை ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்வார்களா?

புள்ளிகள் தாமாகவே மங்கி மறைந்தன. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினாள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். மாத்திரையையும் மறுபடி ஆரம்பித்தேன். அன்று என் மனசு எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

புரட்டாசியில் வெளிச்சம் மாற ஆரம்பித்தது. தெருவிளக்குகள் பூத்தன. ஆமாம், பூத்தன என்றுதான் சொல்லவேண்டும். ஒவ்வொன்றையும் சுற்றி நிறம் நிறமாக வளையங்கள். பட்டப்பகலில் என் முன்னால் சின்னச் சின்னத் துகள்கள் மிதந்தன. விபூதி பறக்கிறது என்று நினைத்தேன். மைசூரே காலைப் பனியில் கிடப்பதுபோல எந்த நேரமும் மெத்தென்று இருந்தது. யார் முகத்திலும் சுருக்கம் இல்லை, கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன.

தீபாவளிக்கு மலை ஏறினோம். “உகே மாதப்பா, உகே” என்று நீங்கள் எல்லோரும் கூவ, கோயில் விளக்குகள் தாம்பாளம் தாம்பாளமாக விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஒளிக்குளமாகிவிட்டன. உள்ளே சாமி இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். தாயி வந்து உடம்பைச் சுத்தம் பண்ணினாள், அப்பன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று சத்திரத்தில் உங்களிடம் சொன்னேன். அந்த அக்கா அப்போதுதான் என்னிடம் வந்து கையை விரித்தார்.

“எனக்கும் போன மாசம் தாயி வந்துட்டுப் போனாங்க தம்பி. உள்ளங்கையிலகூட இருந்துச்சு.”

“அப்ப நீங்களும் புண்ணியம் பண்ணவங்கதானுங்க்கா” என்றேன் நான்.

மலையிலிருந்து இறங்கிய பின் ஒளிக்குளம் சேறாகிவிட்டது. இடது கண்ணில் ஒரு புகைத்திரை விழுந்தது. வலது கண்ணும் அதன் பின்னாலேயே போனது. நான் டைல்ஸ்காரன். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, சந்து சந்தாக நேர் வைத்துப் பிழைப்பவன். ஒரு வீட்டில் கூடம் முழுக்கப் பதித்து முடித்தேன். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“மாதேஷா, இது கோடா, பாம்பா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாக் கோடும் அலைந்தது. எது என் கையின் கோணல், எது என் கண்ணின் கோணல் என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரக்கம்தான் என்னை உடைத்தது. கண் போனால் கை போன மாதிரி. சரசு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டிய நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

யாருமில்லாத அந்தக் கூடத்தில் தரையில் குப்புற விழுந்து வேண்டினேன். “அப்பா, உன் வெளிச்சம் எனக்கு வேண்டாம். அதைத் தாங்க எனக்குத் தகுதி இல்லை. தரை தெரிந்தால் போதும். தரையைக் காட்டு.” வேறு வார்த்தை வரவில்லை. அதையே சொல்லிச் சொல்லி, குளிர்ந்த டைல்ஸ் மேல் கன்னத்தை வைத்தபடி மத்தியான வேளையில் தூங்கிப்போனேன்.

கனவில் தரை நீண்டுகொண்டே போனது. சுவரே இல்லை. நான் பதித்த டைல்ஸ் மைசூரைத் தாண்டி, கௌதள்ளியைத் தாண்டி, காட்டுக்குள் பாலாறு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு புலி வந்தது. மாதப்பன் ஏறி வரும் புலிதான், ஆனால் மேலே அவர் இல்லை. ஈரமான தரையில் கால் வைத்து, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரே நேர்க்கோட்டில் நடந்து வந்தது. எனக்குப் பயமே வரவில்லை. அது என் பக்கத்தில் படுத்து, என் உள்ளங்கையை நக்க ஆரம்பித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் சொரசொரவென்று இருந்தது. முகத்தைத் தொடவில்லை, கண்ணைத் தொடவில்லை. கையைத்தான் விடாமல் நக்கியது. விழித்தபோது உள்ளங்கை குறுகுறுத்தது.

மறுநாள் மாத்திரை வாங்கும் நாள். சரசு என்னை ஆட்டோவில் கூட்டிப்போனாள். கவுன்சிலர் மேடம் கன்னடக்காரர், நம்மோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். நான் உட்காரப் போனதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“மாதேஷண்ணா, சேர் இங்க இருக்கு. அங்க யாக்கே, ஏன் தடவ்றீங்க?”

மாத்திரையைக் கொடுக்கவில்லை. கையோடு கண் டாக்டரிடம் அழைத்துப்போனார். அந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இதுக்கு முன்னாடி காய்ச்சல் கீய்ச்சல், உடம்பு ஏதாச்சும் சரியில்லாம இருந்துச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றாள் சரசு.

அவள் பொய் சொல்லவில்லை. தாய் வந்து போனது உடம்பு சரியில்லாத கணக்கில் சேராது. நானும் தலையாட்டத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் என் உள்ளங்கை குறுகுறுத்தது. சொரசொரவென்று அதே நாக்கு. என் வாய் தானாகத் திறந்தது.

“ஆடியில தாயி வந்திருந்தாங்க, டாக்டர்.”

சரசு என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அம்மையா? உள்ளங்கையில இருந்துச்சா?”

“கையிலயும் காலுலயும் இருந்துச்சுங்க. அரிக்கவே இல்லை.”

அன்றே ரத்தம் எடுத்தார்கள். அது தாயி அல்ல. சிபிலிஸ். நம் பக்கத்தில் மேகநோய் என்பார்களே, அதுதான். உறவில் பரவுவது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தடிப்பு யாரும் ஒன்றும் செய்யாமலே மறைந்துவிடும், கிருமி மறையாது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு அது கண்ணுக்கும் நரம்புக்கும் சீக்கிரம் போய்விடக்கூடும். மருந்து இருக்கிறது. ஆனால் இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் போன பார்வை திரும்பியிருக்காது.

அப்படியானால் வேப்பிலை எதையும் குணப்படுத்தவில்லை. மலையில் நான் பார்த்தது வீங்கிய கண்ணின் வெளிச்சம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். இரவும் பகலும் மாற்றி மாற்றிப் பென்சிலின் கையில் ஏறிக்கொண்டிருந்தது. சரசுவின் ரத்தத்திலும் இருப்பதாகச் சொன்னார்கள். அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் எனக்கு வெறும் மங்கலான வட்டமாகத் தெரிந்தது, அதில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை. கண் போவதைவிட அந்த வட்டத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். போய்விடுவாளோ?

கடைசியில் அவளே பேசினாள்.

“நாம ரெண்டு பேரும் பழைய வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தவங்க. எந்த மூட்டையில இருந்து வந்துச்சுன்னு இப்ப எதுக்குங்க பிரிச்சுப் பார்க்கோணும்? ஊசி போட்டுக்கறேன். நீங்க கண்ணை மூடித் தூங்குங்க.”

இடுப்பில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தாள். மங்கலாகத் தெரிந்தாலும் அந்த நடை தெரிந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா வந்து அதட்டினார்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் சுருங்கியது. முதலில் மின்விசிறிக்கு இறக்கை வந்தது. அப்புறம் சுவருக்கு மூலை வந்தது. ஒரு நாள் காலை, படுக்கையிலிருந்து கீழே பார்த்தேன். வார்டின் தரை. பழைய மொசைக், ஓரத்தில் விரிசல், நடுவில் பட்டைக்கோடு. கோடு நேராக இருந்தது. தரையைக் காட்டு என்று கேட்டேன் அல்லவா, காட்டிவிட்டான். சரசுவை எழுப்பித் தரையைக் கைகாட்டி அழுதேன்.

இப்போது வலது கண் முழுதாகத் தெரிகிறது. இடது கண் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் புகை உண்டு. அந்த வீட்டுக் கூடத்தைப் பெயர்த்து நானே மறுபடி போட்டுக்கொடுத்தேன். இருவரும் உறை பயன்படுத்துகிறோம், சொன்ன நாளில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறோம். சரசு மாரியம்மன் முன்னால் நின்று ஓர் ஒப்பந்தமே போட்டுவிட்டாள்: இனி தாயி வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவது, மாத்திரையை மட்டும் எதற்காகவும் நிறுத்துவதில்லை. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மருந்துதானே காப்பாற்றியது, சாமி என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டார். மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. வாய் என்னிடம்தான் இருந்தது. அதைத் திறந்துவிட ஒரு புலி வரவேண்டியிருந்தது. இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது, நம்பத்தான் தெரியும். நீங்களும் நம்புங்கள். வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டியபின் எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடங்கள், அவன் கூடவே வருவான்.

கடைசியாக, என் காலைத் தொடக் குனிந்த அக்காவுக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. எந்த ஊர் என்றும் தெரியாது. இந்தத் தாளை யாராவது உங்களுக்குப் படித்துக்காட்டினால் போதும். உங்கள் கையில் வந்து போனதும் தாயியாக இல்லாமல் இருக்கலாம். மறைந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை, ஊசிக்கு அப்புறம் கொஞ்ச நாள் நண்டு நடை, அவ்வளவுதான் அக்கா. மாத்திரை நாளில் சரசுவும் நானும் மையத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். நடுவில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறோம்.