செத்தவீட்டு மாதத்துக் கறண்ட் கணக்கு

கறண்ட் மீற்றர் பார்ப்பவன் வந்தால் முதலில் நாய் குரைக்கும், பிறகு வீட்டுக்காரர் குரைப்பார்கள். மிச்சக் குரைப்பை மின்சார அலுவலகத்தில், எங்கள் கந்தோருக்குத் திரும்பிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். இதே வேலைக்குச் சைக்கிள் உழக்கியவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

வேலிக்கு மேலால் ஒரு வயர்

சண்டிலிப்பாயில் பாக்கியம் அக்கா வீட்டில் இரண்டே பல்ப். ஒன்று அறையில், மற்றது கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள், சூட்டுக்கு. குஞ்சு வளர்த்து விற்பதுதான் சீவியம். பகலில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போவார்.

ஒரு மாதம் மீற்றர் கண்டபாட்டுக்கு ஓடியிருந்தது. பக்கத்து வீட்டு இராசையாவின் தகப்பன் இறந்திருந்தார். அந்த வீட்டில் கறண்ட் இல்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடியும்வரை அக்கா வேலிக்கு மேலால் வயர் இழுத்துப் பந்தல் முழுக்க வெளிச்சம் கொடுத்திருக்கிறார். அந்தப் பில்லையும் தானே கட்டினார். இராசையாவிடம் வாங்கியிருக்கலாமே என்றேன்.

"செத்தவீட்டுக்கு ஆரும் வெளிச்சம் விப்பினமே, தம்பி?"

பூட்டிய கதவு

மீற்றர் வீட்டுக்குள். கந்தோரில் எட்டு மணிக்குக் கையெழுத்து வைத்த பிறகுதான் நாங்கள் வெளிக்கிடலாம். தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் வேலை கூடியதால் அதற்குள் அக்கா போய்விடுவார். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் கதவு பூட்டு.

பார்க்க முடியாத வீட்டுக்குக் கடைசியாகப் பார்த்த மாதத்தின் கணக்கையே உத்தேசமாகப் போடுவது பெரிய கிளாக்கரின் முறை. கடைசியாகப் பார்த்தது செத்தவீட்டு மாதம். அதே பில் திரும்பத் திரும்பப் போனது. அக்காவால் கட்ட முடியவில்லை. அது செத்தவீட்டு மாதத்துக் கணக்கு என்று நான் கிளாக்கரின் மேசைக்கு முன் நின்று கத்தினேன். அவர் எழுதிக்கொண்டே சொன்னார்:

"மாதாமாதம் அங்கை ஆரும் சாகேல்லை எண்டு நான் என்னெண்டு கண்டன்? முதல்லை கட்டச் சொல்லும். பிறகு பாப்பம்."

குறடு

மார்கழிக் குளிரில் லைனை வெட்ட உத்தரவு வந்தது. கம்பி வெட்டும் லைன்காரருக்கு வீடு காட்ட என்னை அனுப்பினார்கள். கதவு பூட்டியிருந்தது. யன்னல் இடுக்கால் குஞ்சுப் பெட்டியின் வெளிச்சம் தெரிந்தது. கீச்சுச் சத்தமும் கேட்டது.

அக்கா வரும்வரை பொறுங்கள் என்று லைன்காரரிடம் கெஞ்சினேன். அவர் ஏணியைச் சாத்தி ஏறினார். யன்னல் இருண்டது. கம்பி வெட்டிய குறட்டைப் பைக்குள் போட்டபடி இறங்கினார்.

"நீர் மீற்றர் பாக்கிறவர், நான் கம்பி வெட்டுறவன். கோழி பாக்கக் கந்தோர் ஒருத்தரையும் எடுக்கேல்லை."

கடகம்

கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது என்று மறுநாள் விடியவே அங்கே போனேன். குஞ்சுப் பெட்டிக்குள் அரிக்கன் லாம்பு எரிந்தது. இராசையா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவரே குந்தியிருந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். தப்பிய குஞ்சுகள் சில அதைச் சுற்றி ஒடுங்கி நின்றன. மற்றவை ஓலைக் கடகத்துக்குள் விறைத்துச் செத்துக் கிடந்தன.

மீற்றரைப் பார்த்தேன். நாங்கள் அனுப்பிய பில்லுக்குக் கிட்டவும் அது வரவில்லை. அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கடகத்தைத் தூக்கி என் கையில் தந்தார்.

"நீ எண்ணாதை, தம்பி. உங்கடை கிளாக்கரிட்டைக் குடு. உத்தேசமாப் போடட்டும்."

கடகத்தைக் கிளாக்கரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன், அன்று பின்னேரமே லைனைத் திரும்பக் கொழுவிவிட்டார்கள்: மீற்றரை நம்பாத கந்தோர் கடைசியில் மூக்கை நம்பியது.