மரம் அளந்த டேப்பில் தைத்த கவுன்

என் வீட்டுக்காரருக்கு மரத்தை அளக்கத் தெரியும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மலாயாவில், மந்தின் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் வெளிக்காட்டுக் கிராணி, அதாவது மரக்கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளை. ரப்பர் மரம் பால் வெட்டுக்குத் தேறிவிட்டதா என்று பார்ப்பது அவர் வேலை. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடிப்பார். இருபது அங்குலம் இருந்தால் தேறியது. ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். ஒரு மரத்துக்கு ஓர் இடத்தில் அளவெடுத்தால் போதும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர் என் உடம்பிலும் சோதித்துப் பார்த்தார்.

அந்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை. இருந்தவர் காய்ச்சலில் விழுந்து ஊருக்குக் கப்பலேறிவிட்டார். பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை. கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் காலையில் வந்து பார்த்து, ஆளில்லை என்றதும் ஆற்றில் மீன் பிடிக்கப் போய்விடும். நானோ நாகப்பட்டணத்து மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்பெல்லாம் மண்ணெண்ணெய் டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத்தான் உதவிக்கொண்டிருந்தது. அந்த வாத்தியார் வேலை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் கேளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் புலி, ஆபீசில் எலி. ரசத்தில் உப்பு குறைந்தால் கூரை பறக்கும். துரை முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே மாதங்களை ஓட்டினார்.

அப்போதுதான் துரை லீவில் சீமைக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பினார். புதிதாக வந்த துரைசாணிக்குத் தோட்டத்து வழக்கம் எதுவும் தெரியாது. பங்களாவில் சாயங்கால விருந்து, சிரம்பானிலிருந்து வெள்ளைக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள், கிராணிமார்களும் மனைவிமார்களோடு வரட்டும் என்று சொல்லிவிட்டாள். புதுப் பெண்டாட்டி சொல்லைத் தட்ட முடியாமல் துரையும் தலையாட்டியிருக்கிறார். செய்தியைக் கேட்டதும் எனக்கு வேறு யோசனையே இல்லை.

"சரி, நானே அங்க வச்சு தொரகிட்ட கேட்டுக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்காரர் திடுக்கிட்டார். பிறகு ஏதோ யோசித்தார். அவர் யோசித்தால் எனக்கு ஏதோ வினை வருகிறது என்று அர்த்தம்.

"கேக்குறதுதான் கேக்குற, சேலையில போயி நிக்காத. சேலைய பாத்தா லயத்துப் பொம்பளன்னுதான் தொர நெனப்பாரு. கவுன் போட்டுப் போனாத்தான் படிச்சவன்னு தெரியும்லா."

"எங்கிட்ட மாம்பழக் கலர்ல பட்டு இருக்கே."

"பட்டும் சேலதானே!"

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன பெண்ணை நான் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை. ஆனாலும் சரி என்றேன். காரியம் ஆக வேண்டுமானால் கழுதைக் காலையும் பிடி என்பார்கள். நான் பிடிக்கத் துணிந்தது கவுனின் விளிம்பை. வேலை கிடைப்பதாக இருந்தால் கோணிப்பையைக்கூட மாட்டிக்கொண்டு போயிருப்பேன். கடைசியில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று.

ஆபீஸ் குப்பைக் கூடையிலிருந்து ஒரு சீமைக் கடையின் படப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரி முதுகு முழுக்கத் தெரிய, தரையில் வால் புரள, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு நின்றாள். படத்தைக் கொஞ்ச நேரம் தேவைக்கு அதிகமாகவே பார்த்துவிட்டு, "இதையேதான். ஆனா நம்ம பொம்பளைக்கு ஏத்த மாதிரி மாத்தணும்" என்றார். ஆபீஸ் காகிதத்தில் சிவப்பு நீலப் பென்சிலால் தாமே வரைய உட்கார்ந்தார். முதலில் முதுகை மூடினார். பிறகு கழுத்தைத் தொண்டைக்குழி வரை ஏற்றினார். கையை மணிக்கட்டு வரை இறக்கினார். வால் வீண் என்று வெட்டினார். எல்லாவற்றையும் அடிக்கோல் வைத்தே வரைந்தார். கோடு வளைந்தால் அவருக்குப் பிடிக்காது. வரைந்து முடித்தபோது காகிதத்தில் இருந்தது கவுன் அல்ல, உறை போட்ட தலையணை. கையுறையை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். அதுதான் நாகரிகமாம்.

அடுத்தது அளவு. மந்தின் கடைத்தெருவில் ஒரு சீனத் தையற்காரன் இருந்தான். ஈயச் சுரங்கத்து ஆட்களுக்குக் கால்சட்டை தைப்பவன். இன்னோர் ஆண்பிள்ளை என்மேல் டேப் வைப்பதா என்று வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அளவுக்கு என் ரவிக்கையைக் கொடுங்கள் என்றேன்.

"ரவிக்கைக்கும் கவுனுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் தெரியாம பேசாத."

தம்முடைய மரம் அளக்கும் டேப்பை எடுத்து வந்தார். அதில் ரப்பர் பால் காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. நான் சேலையோடு நின்றேன். தரையிலிருந்து மூன்றடி உயரத்தைப் பார்த்துக்கொண்டு, கொசுவத்துக்கு மேலாகச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தார். எண்ணைப் பார்த்தார், எழுதினார், டேப்பைச் சுருட்டினார். அவ்வளவுதான். மாருக்கு, தோளுக்கு, கைக்கு என்று எதுவும் கிடையாது. உயரத்தை மட்டும் கதவு நிலையில் நிறுத்திக் குறித்துக்கொண்டார். சுண்ணாம்புப் புள்ளி வைக்காமல் விட்டதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மந்தினுக்கு நானும் கூடப் போயிருந்தேன். தையற்காரன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரே அளவுதானா என்று மலாயில் கேட்டான். "சுக்குப், சுக்குப்!" போதும் போதும் என்று வீட்டுக்காரர் அதட்டினார். அவனுக்கென்ன வந்தது? கவுனை அவனும் அதுவரை கண்டதில்லை. தன்னிடமிருந்த பூப்போட்ட தடித்த துணியை எடுத்துப் போட்டு, சொன்னதைச் சொன்னபடியே தைத்துக் கொடுத்தான். கையுறைக்குக் கால்சட்டைத் துணி.

விருந்தன்று மாட்டிக்கொண்டேன். மேலிருந்து கீழ் வரை ஒரே சுற்றளவு. மேலே இன்னொருத்தியும் உள்ளே புகலாம்; கீழே என் கால் ஒரு முழம்கூட எட்டிப் போகாது. கையுறையின் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் கனத்தில் விறைத்து நின்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பூ வைக்காதே என்றார், வைத்துக்கொண்டேன். மூக்குத்தியைக் கழற்று என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னைச் சுற்றிவந்து பார்த்து, "அசல் வெள்ளைக்கார மெம் மாதிரி இருக்க" என்றார். அதை முழு மனதோடு சொன்னார் என்பதுதான் எனக்கு அதிக ஆத்திரம்.

பங்களா மேட்டின்மேல் இருந்தது. செம்மண் பாதையில் காலைக் கட்டிவிட்ட கோழியைப் போலத் தத்தித் தத்தி ஏறினேன். படிக்கட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தம் சப்பாத்தைக் கழற்றிக் குரோட்டன் செடிக்குப் பின்னால் வைத்தார். துரை வீட்டுப் படியேறும்போது காலில் எதுவும் இருக்கக் கூடாது என்பது வழக்கம். "ஏய், செருப்பக் கழட்டு" என்று என் காதில் சீறினார். மேலே கோட்டும் டையும், கீழே வெறுங்காலுமாக அவர். மேலே கையுறையும் கவுனும், கீழே வெறுங்காலுமாக நான். இப்படித்தான் நாங்கள் நாகரிகத்துக்குள் நுழைந்தோம்.

மற்றக் கிராணிமார்களின் மனைவிகள் சேலையில் ஓரமாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் பொத்தியிருக்கவும் மாட்டேன். துரைசாணி வந்தாள். அவர்கள் சேலைகளைத் தொட்டுத் தொட்டு வியந்தாள். என்னிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டு, அவசரமாக அடுத்தவளின் சேலைக் கரையைத் தடவப் போய்விட்டாள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மாம்பழப் பட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

வந்த காரியத்தை விடக் கூடாது என்று துரைக்கு நேராகப் போய் நின்றேன். துரை பரீட்சை எழுதித் தமிழில் தேறியவர். ஆனால் பேசிப் பழகியது பிரட்டுக் களத்தில், காலையில் ஆள் எண்ணும் இடத்தில். அதனால் கிழவனானாலும் குமரியானாலும் எல்லோரும் அவருக்கு 'நீ'தான்.

"கிராணி பொஞ்சாதியா நீ? என்னா வேணும்?"

"தொரைங்களே, பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்லாம புள்ளைங்க வீணாப் போவுதுங்க. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எனக்கு அந்த வேலையக் குடுத்தா நல்லா சொல்லிக் குடுப்பேனுங்க."

துரை என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பூவை, கையுறையை, செம்மண் ஏறிய விளிம்பை, வெறுங்காலை. பிறகு சிரித்தார்.

"நீ வேணாம். நீ கவுன் போட்டு பாடம் சொன்னா, நாளைக்கு கூலிப் புள்ள எல்லாம் கவுன் கேக்கும், கால்சட்ட கேக்கும். அப்பறம் பால் வெட்ட யார் போறது?"

சுற்றி நின்ற வெள்ளைக்காரர்களுக்கு அதையே இங்கிலீஷில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. என் பின்னாலிருந்து இன்னொரு சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், அந்தக் கவுனை வரைந்தவர், அளவெடுத்தவர், கையைக் கட்டிக்கொண்டு துரைக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை போயிற்று. அது கடைசி வரை திரும்பி வரவில்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது, "கையுறைய ஒழுங்கா மாட்டிக்கிட்டு கொஞ்சம் நிமிந்து நின்னிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும்" என்றார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவரை முந்தி நடந்தேன்.

வாத்தியார் வேலை கங்காணியின் மைத்துனனுக்குப் போயிற்று. அவனுக்குத் தன் பேரை எழுதத் தெரியும். அதுவும் கள்ளுக்கடைக்குப் போகாத நாளில்தான். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு அவன் தூங்குவான். அதுகள் சிலேட்டில் கிறுக்கி, எச்சில் தொட்டுப் புறங்கையால் துடைக்கும். பள்ளிக்கூடத்து வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வீட்டுக்காரர் மரம் அளக்கப் போயிருந்தபோது அந்தக் கவுனை எடுத்துக் கீழே விரித்தேன். துணியோ ஏராளம், அளவுதான் தெரியுமே. சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, சிலேட்டுத் துடைக்கும்படி லயத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினேன். கால்சட்டைத் துணிக் கையுறையைக் கரும்பலகைக்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கவுனாவது பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.