கிராம்புத் தைலம்

கோவில்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் ஹாரூன் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பவுண்டர். படித்தது எட்டாவது, பார்த்ததோ கழுகுமலை, எட்டயபுரம் பஸ்களில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான வாய்கள். தெருவில் யாருக்குப் பல் குத்தினாலும் பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து வைத்துவிடுவார்.

மனைவி மைமூனுக்கும் மூன்று மாதமாக அதைத்தான் வைத்தார். கீழ்த்தாடைப் பல் ஒன்று ஆடியது. "டாக்டர்ட்ட காட்டிருவமா?" என்று ஒருமுறை கேட்டார்.

"வீட்டுலயே வைத்தியரை வச்சுக்கிட்டு அங்கன எதுக்கு?" என்றாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நெருப்பில்தான் போட வேண்டும்.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்க தைலம் வேலையக் காட்டிட்டு, பாத்தியளா! ரெண்டு நாளா வலியே இல்ல."

ஹாரூன் நிமிர்ந்தார். அவள் கீழுதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. ரசம் தாடையில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

கரையான் அரித்த பலகைபோல் தாடையெலும்பு தெரிந்த வேறொரு நோயாளியின் எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் ஒருநாள் சொல்லியிருந்தார்: "வலிச்சாக்கூட பயப்படாதேயும், ஹாரூன். பல்லும் ஆடி, உதடும் மரத்துப்போனா பயப்படும். புத்துநோய் உள்ளுக்குள்ள நரம்பைத் தின்னுக்கிட்டு இருக்கும்."

நாளைக்குக் கூட்டிப்போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மாதமாக ஆடுகிறது என்பதுதான்.

கையை நீட்டிப் பருக்கையை எடுத்தார். அப்படியே நகத்தால் உதட்டை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். நகம் பதிந்தது.

மைமூன் அவர் கையைப் பார்த்து வெட்கப்பட்டாள். "இந்த வயசுல என்ன வெளையாட்டு? கதவு தொறந்து கெடக்குல்லா."