மைக்கை மூடும்மா

திரையில் இருபத்தேழு சிறு கட்டங்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று எல்லாருடைய கேமராவையும் நானே மூடச் சொல்லியிருந்தேன். மைக்கையும் மூடியிருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் அது தினமும் திறந்தே கிடக்கும். தொற்றுக்குப் பயந்து பள்ளியை மூடியிருந்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், புந்தோங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஆறாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டம் ஒரு மாணவியுடையது. கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள். அவள் வீட்டில் தட்டு உருளும் சத்தம், தொலைக்காட்சி, அவளுடைய அப்பாவின் இருமல், எல்லாம் என் பின்னக் கணக்குக்குள் வந்து விழும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். “எத்தன தடவ சொல்றது, மைக்கை மூடும்மா” என்பேன். “சரி டீச்சர்” என்று மூடுவாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்திருக்கும். ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் கேட்க, “காது இருக்கா இல்லையா ஒனக்கு?” என்று கத்திவிட்டு, அவளால் திறக்கவே முடியாதபடி நானே பூட்டிவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. அதன்பின் இரண்டு வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. லைன் கிடைக்கவில்லை போலும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு போன் போட்டு விசாரிக்கக்கூட இல்லை.

சென்ற மாதம் ஜெலாப்பாங்கில் சாப்பாடு வாங்க நின்றேன். தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் “டீச்சர்” என்று ஓடிவந்தாள். அவளேதான். இத்தனை வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, “என்னை என்ன பாடு படுத்துனே, மைக்கை மூடவே மாட்டியே” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “மறந்துபோயி இல்ல டீச்சர். மைக் தொறந்திருந்தா அப்பா அம்மாவ அடிக்க மாட்டாரு. ஒங்களுக்குக் கேட்டுடும்னு பயம். அதான் போனை அம்மா பக்கத்துலயே வெச்சிருப்பேன்.”

அம்மா எங்கே என்று கேட்டேன். பீடோரில் மாமா வீட்டில் இருக்கிறாராம். வலது கையைச் சரியாகத் தூக்க முடியாதாம்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா.”

“எப்படி டீச்சர்? அப்பாவோட போன். எழுதுனா அவரு பாப்பாரு, பேசுனா அவருக்குக் கேக்கும்லா.”

பஸ் வந்துவிட்டது. “விடுங்க டீச்சர், நீங்க அத்தன பேருக்கும் பாடம் எடுக்கணும்லா” என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறிப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.