தேவன் அண்ணையின் நீலக் கிண்ணம்

நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் இந்த வாட்ஸ்அப் குழுவில் தேவன் அண்ணையின் படம் வந்ததும் நான் சிரிப்பு இமோஜி போட்டேன். அவர் படம் வந்தால் பின்னால் பகிடி வரும். பிறகுதான் அவருடைய அக்கா எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "தம்பி விடியக் காலமை மாரடைப்பில எங்களை விட்டிட்டுப் போயிட்டான்." அழித்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள்.

ஹரோவில் வகுப்பு மண்டபத்தைத் திறந்து பூட்டுகிறவர் அவர். வயது நாற்பது. "அங்கிள் எண்டு கூப்பிட்டால் கதவு திறக்கமாட்டன்" என்பார். அவருடைய தேநீரில் உப்புப் போட்டவன் நான். என் சப்பாத்து நாடாவைக் கதிரையில் கட்டியவர் அவர்.

போன கோடையில் மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தில் அவருக்கு ஒரு கிண்ணம் வாங்கினேன். வெள்ளைப் பளபளப்பின் மேல் மெல்லிய நீலக் கோடுகள்.

"கழுதைப் பிடரிமயிர் பிரஷால கீறினது, அண்ணை."

"அப்ப உன்ர சொந்தக்காரர் குடுத்த மயிர் எண்டு சொல்லு."

அடியில் 'அலங்காரத்துக்கு மட்டும், உணவுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் அதை உரித்துவிட்டு, 'ஹரோ மன்னரின் போசனத்துக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தேன். மன்னர் அதில் தேசிக்காய் ஊறுகாய் போட்டு மாதக்கணக்கில் சாப்பிட்டார். பழைய முறைப் பளபளப்பில் ஈயம் இருக்கும். புளிப்பு அதை இழுத்தெடுக்கும். வயிற்றுவலி வந்தது. இரத்தத்தில் ஈயம் என்று ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

"கிண்ணத்தில ஒண்டும் எழுதியிருக்கேல்லையோடா?" என்று அக்கா கட்டிலருகே கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார்.

"எழுதிக் கிடந்தது. நான்தான் கவனிக்கேல்லை."

அக்கா வெளியே போனதும் சொன்னார்: "உன்ர தாளுக்குக் கீழ பழைய தாளின்ர மூலை மிச்சம் கிடக்குதடா. நீயே அக்காவிட்டச் சொல்லு. நான் காட்டிக்குடுக்கமாட்டன்."

"வாற சனி சொல்லுறன், அண்ணை."

அவர் தேறி வந்தார். ஒவ்வொரு சனியும் கதவைத் திறந்தபடி, "சொல்லிட்டியோ?" என்பார். "அடுத்த சனி." ஒருநாள் கேட்பதையே நிறுத்திவிட்டார். அவருடைய கேலியைத் தாங்குவேன். அவர் கேட்காமல் கதவைத் திறப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இதயம் நின்றதற்கும் ஈயத்துக்கும் தொடர்பில்லை என்றாராம் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன். ஆனால் செத்தவீட்டில் அக்கா, "கவனமில்லாதவன், நஞ்சையும் பாக்காமத் திண்டவன்" என்று அழுதார். நான் வரிசையில் நின்று கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்காக அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்தப் பழிதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. அக்கா, உங்கள் தம்பி கவனமானவர். தாளை உரித்தவன் நான்.